எந்தக் காட்சியில் அதிகம் பயந்தீர்கள்?

"நிஜமா பயந்து கத்துறதும் படம் பாத்துக் கத்துறதும் ஒரே மாதிரிதானேப்பா இருக்கும்? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அப்பாவின் வேலையைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள் பள்ளியில். "எல்லாருக்கும் தண்ணி குடுப்பார்னு எழுதிக்கோ கண்ணு" என்று சமாளித்தேன்.

அது பொய்யில்லை. பத்தொன்பது வருடமாக இந்தத் தியேட்டரில் அரங்கைக் கவனித்துக்கொள்கிறேன். டிக்கெட்டைப் பார்த்து உட்காரவைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். மற்றதெல்லாம் என் மனதுக்காகச் செய்வது. ஏசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போர்வை கொண்டுபோய்க் கொடுப்பேன். முழங்கால் வலிக்காரர்களைக் கைபிடித்துப் படியிறக்குவேன். காட்சி தொடங்கும் முன் கதவோரம் நின்று, வந்தவர்கள் எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேரவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்வேன். அன்றும் வேண்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். இறந்துபோன பெண்ணின் தங்கையிடம் எங்கள் தியேட்டர் போனிலிருந்து பேசியது யார், எதற்கு. பேசியது நான். எதற்கு என்பதை நீங்கள் கொடுத்த தாளில் முறையாக எழுதுகிறேன்.

அந்தக் கொரியப் படம் வந்த முதல் நான்கு நாளும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். படம் மோசமில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவன், ரத்தக்காட்டேரி. பியானோ சொல்லிக்கொடுக்கும் பெண்ணைக் காதலிக்கிறான். அவள் வாய் திறந்து "வா" என்று சொல்லாமல் அவளுடைய வாசற்படியைத் தாண்ட அவனால் முடியாது. மழையிலும் பனியிலும் வெளியே நிற்கிறான். அவள் சொல்கிறாள். கழுத்தில் பல் பதிக்கும் முன் "வலிக்குமா?" என்று அவளையே கேட்கிறான். அந்த இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், கல்லூரிப் பிள்ளைகள் விசிலடிப்பார்கள்.

டிக்கெட் கொடுக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பேயாயிருந்தாலும் வாசல்ல நின்னு கேட்டுட்டு வருது பாரு. எங்க வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழட்டாம வந்து சாப்பாடு எங்கன்னுவார்." எல்லாரும் சிரித்தோம்.

கூட்டம் சேர்க்க முதலாளி ஒரு யோசனை கண்டுபிடித்தார். படம் முடிந்ததும் ஆளுக்கொரு அட்டையும் பென்சிலும் கொடுப்பது. அட்டையின் மேலே, 'எந்தக் காட்சியில் அதிகம் பயந்தீர்கள்?' என்று அச்சிட்டிருக்கும். ரசிகர்கள் இருக்கை எண்ணைப் போட்டு எழுதித் தரவேண்டும். நல்லதாக ஒன்றை நான் மைக்கில் படிக்கவேண்டும், எழுதியவரை மேடைக்கு அழைத்துப் பரிசாக அடுத்த வாரத்துக்கு இரண்டு டிக்கெட் தரவேண்டும், அதைப் படம்பிடித்து ஊர் முழுக்கச் சுற்றவிடவேண்டும். "பயந்த மூஞ்சி ஒண்ணாவது மாட்டலேன்னா அடுத்த வாரம் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்றார். அந்தப் பாதிப் பேரில் நானும் இருப்பேன். ஆனால் அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் காட்சிக்கு அவர்கள் வந்தார்கள். ஹெச் வரிசை, பதினொன்றும் பன்னிரண்டும். கணவர் நன்றாக உடுத்தியிருந்தார், என்னிடம் மரியாதையாகப் பேசினார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இடைவேளையில் அவள் உதடு வறண்டிருந்ததைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் அரங்கமே அலறிய ஓர் இடம் உண்டு. பியானோவுக்குள்ளிருந்து கை நீளும். திரைக்கு முதுகைக் காட்டி முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், படம்பிடிக்க ஆள் தேடவேண்டுமே. அப்போதுதான் என் மகளின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. படத்துக்குப் பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். உண்மையாகவே பயந்தவர் பக்கத்தில் திரும்பவே மாட்டார். அவள் திரும்பவில்லை. கணவரின் கை அவள் பிடரியில் இருந்தது.

படம் முடிந்து, கணவர் தன் அட்டையில் மும்முரமாக இருந்தபோது அவளும் எழுதினாள். அட்டைகளை வாங்கிவந்து பக்கத்து அறையில் உட்கார்ந்து படித்தேன். அவளுடையது இப்படி இருந்தது: 'படத்தில் எதற்கும் நான் பயப்படவில்லை. அவன் கேட்டுவிட்டு உள்ளே வருகிறான். என் பக்கத்தில் இருப்பவரிடம் சாவி இருக்கிறது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறான். இவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.'

அதற்குக் கீழே, பொடி எழுத்தில், பென்சில் முனை அட்டையைக் கீறுமளவுக்கு அழுத்தி எழுதியிருந்தாள்: 'அண்ணா, தண்ணி குடுத்தீங்களே, அதனால உங்ககிட்ட கேக்குறேன். இது படத்தைப் பத்தி இல்ல. என் தங்கச்சிக்குப் போன் பண்ணி உடனே வரச் சொல்லுங்க. அவர்கிட்ட சொல்லிடாதீங்க.' தங்கையின் எண்ணும் இருந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் நிதானமாக யோசித்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நாம் போய் மூக்கை நுழைத்து ஒரு குடும்பம் பிரிந்தால் அந்தப் பாவம் யாருக்கு? வெளியே முதலாளி காத்திருந்தார். மேல் வரிகளைப் போல ஒன்றை மற்ற அட்டைகளில் யாரும் எழுதவில்லை. நாலு பேர் முன்னால் அது காதில் விழுந்தால் அந்த மனிதர் வெட்கப்பட்டுத் திருந்தலாம் என்றும் தோன்றியது. கீழ் வரிகளை அழிப்பானால் சுத்தமாக அழித்தேன். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டிருந்தாள் அல்லவா. அந்த விஷயத்தில் அவள் பேச்சைத் தட்டவில்லை.

மைக்கில் படித்தேன். கைதட்டல். "சார், சாவியைக் குடுத்துடுங்க சார்" என்று யாரோ பின்வரிசையிலிருந்து கத்த, அரங்கமே சிரித்தது. கணவர் அவளைத் தோளோடு அணைத்து மேலே கூட்டிவந்தார்.

"வீட்ல வாயே திறக்கமாட்டா. இங்க வந்து என்னமா கதை எழுதியிருக்கா பாருங்க" என்றார் மைக்கில். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் அவள் முகத்தைப் படம்பிடித்தேன். பதினொரு வினாடி. அவள் கண் கொட்டவில்லை. கணவரையோ கூட்டத்தையோ பார்க்கவில்லை, என் கையிலிருந்த அட்டையின் கீழ்ப்பாதியைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது. நடிக்கத் தெரிந்த எவராலும் அப்படியொரு பயத்தைக் காட்ட முடியாது. "இதுதான்யா ரியாக்‌ஷன்" என்று முதலாளி என் முதுகில் தட்டினார். இரண்டே நாளில் அரங்கு நிறைந்தது. யாருக்கும் வேலை போகவில்லை. டிக்கெட் கொடுக்கும் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், அதையும் நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

அடுத்த வாரம் பரிசு டிக்கெட்டோடு வந்தார்கள். அதே இருக்கைகளை அவர்களுக்காக எடுத்துவைத்திருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. அவள் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். பியானோவிலிருந்து கை நீண்டபோது அவளிடமிருந்து சத்தமே இல்லை. இடைவேளையில் கணவர் காபி வாங்கப் போனார். நான் தண்ணீரோடு போனேன். அவள் தம்ளரைத் தொடவில்லை.

"அண்ணா, பேசினீங்களா?" என்றாள். உதடு அசைந்ததே தெரியவில்லை.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நொந்த மனதுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? "பேசிட்டேன்மா. வந்துட்டிருக்காங்க. நீங்க தைரியமா இருங்க" என்றேன்.

மேடம், அவள் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மூச்சை இழுத்து விட்டாள். தண்ணீரை வாங்கி முழுவதும் குடித்தாள். அன்று வாசலில் காவலர் ஒருவர் நின்றிருந்தார், வரிசையை ஒழுங்குபடுத்த வந்தவர். படம் முடிந்து போகும்போது அவள் அவரை ஒட்டித்தான் நடந்தாள். நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தங்கைதான் வருகிறாளே. என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுக் கணவரோடு போனாள்.

ஆறு நாள் கழித்து அவளைக் கண்டெடுத்தார்கள். கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது என்று செய்தியில் சொன்னார்கள். கழுத்தைப் பற்றியும் சொன்னார்கள், அதை நான் எழுதவேண்டியதில்லை. அந்த ஆறு நாளும் ஒவ்வொரு முறை வாசலில் காலடி கேட்கும்போதும் தங்கை வந்துவிட்டாள் என்றே அவள் நினைத்திருப்பாள். அவ்வளவு நிம்மதியை அவளுக்கு வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது.

அவளைக் கொன்றவர் உங்கள் காவலில் இருக்கிறார். எண்ணை அழித்தது நான், அட்டையைப் படித்தது நான், பேசிவிட்டேன் என்று சொன்னதும் நான். மூன்றையும் தெரிந்தேதான் செய்தேன். மறைக்க எதுவும் இல்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். செய்தி வந்த மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அவள் அழுத்தி எழுதியிருந்ததால் எண்கள் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன. டிக்கெட் அறையைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"உங்க அக்கா உங்களை உடனே வரச் சொன்னாங்க" என்றேன்.

"யாருங்க நீங்க? எப்போ சொன்னா?" என்று கேட்டார் அந்தப் பெண். எப்போது என்று சொன்னால் மனம் உடைந்துபோவார். மெதுவாகப் போனை வைத்துவிட்டேன்.

அவள் என்னிடம் கேட்ட உதவி அந்த ஒன்றுதான், அதைச் செய்துமுடித்தேன். அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. செய்கிற நல்லதை நாலு பேர் பார்க்கச் செய்வது எனக்கு எப்போதுமே பிடிக்காது.