தேங்காய் அளவில் ஒரு தொப்பி

அந்துருண்டை வாசனை எங்கு வந்தாலும் எனக்குப் பெட்டியடியில் கிடக்கும் பழைய ஸ்வெட்டர் நினைவுக்கு வந்துவிடும். மல்லசமுத்திரம் பேருந்தில் அந்த வாசனை முன்சீட்டுக் கம்பளிநூல் பையிலிருந்து வந்தது. இரண்டு பெண்கள் பின்னிக்கொண்டே பேசினார்கள்.

"தேங்காயில அளவெடுத்தா பாப்பாத் தொப்பி டிசைன் பண்ணுன?"

"எங்கூட்டுல பாப்பா ஏதுங்க அக்கா? உருண்டையா அதுதான் இருந்துச்சு."

"பின்னுன யாரு கொழந்தை தலைக்கும் பத்தலையாம். இப்ப நம்ம பின்னல் வாட்ஸ்அப் குரூப்பே தேங்காய்க்குத் தொப்பி மாட்டி போட்டோ போடுது!"

"சிரிக்காதீங்க. நான் போட்ட மொத பேட்டர்னுங்க. மானமே போச்சு. இன்னிக்கே குரூப்ப உட்டுப் போயிர்றேன்."

ஆட்டையாம்பட்டி வந்தது. மூத்தவர் நூலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"போயிராத சாமி. நாளைக்கு எங்கூட்டுக்கு வந்து பேத்தி தலைய அளந்துக்க. திருத்திப் போடு, நாந்தான் மொதல்ல பின்னுவேன். வாரேன்."