பழகின ஆக்களுக்கு மட்டும்

– பிரிஜ்ஜைத் திறந்து வைச்சுக்கொண்டு என்னடா தேடுறாய்? சிவபாலன் வீட்டால வந்த சாப்பாடு மேசையில மூடிக் கிடக்கு.

– சாப்பாட்டுக்கு இல்லையம்மா. ஊறுகாய்க்குப் பின்னால ஒரு போத்தல் இருந்தது. சின்னன்.

– என்ன போத்தல்?

– அதான்... அப்பாவின்ர மருந்து.

– அவற்ற மருந்தெல்லாத்தையும் காலமை நீதானே பாமசியில திருப்பிக் குடுத்தனீ.

– அது டொக்டர் தந்தது. இது மற்றது. நான் வாங்கிக்கொண்டு வந்தது. பாணி மாதிரி, தடிப்பா...

– கஞ்சா எண்டு சொல்லன். வாய் வேகாது.

– மெல்லக் கதையுங்கோம்மா! பெரியம்மா ஹோலில.

– அவவுக்கு நேற்றுச் செத்தவீட்டில படிச்ச தேவாரமே கேக்கேல்லை. இதுவோ கேக்கப்போகுது?

– அது சும்மா கஞ்சாவும் இல்லை. கொன்சன்ரேற். கஞ்சாவை வடிச்சு இறுக்கின சத்து. ஒரு அரிசியளவே ஆளை விழுத்திப்போடும்.

– தெரியும். மூடியில இருந்ததை நீதானே வாசிச்சுச் சொன்னனீ, பழகின ஆக்களுக்கு மட்டும் எண்டு.

– ஓம்...

– கொப்பர் அந்த நோவுக்குள்ளயும் சிரிச்சவர். "அப்ப சிவபாலனுக்கும் ஒரு கரண்டி குடுப்பம், அரிவரி வகுப்பில இருந்து பழக்கம்" எண்டு.

– அம்மா, பகிடி விடாமல் சொல்லுங்கோ. எங்க வைச்சனீங்கள்?

– குடுத்திட்டன்.

– குடுத்தி... ஆருக்கு?

– பழகின ஆளுக்குத்தான்.

– ஐயோ அம்மா... பழகின எண்டா தெரிஞ்ச ஆக்கள் எண்டில்லை! அதை எடுத்து எடுத்துப் பழகினவை. எக்ஸ்பீரியன்ஸ்ட் எண்டுதான் போட்டிருந்தது.

– அப்ப அப்பிடியெல்லோ சொல்லியிருக்க வேணும். சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கினதுக்கு நல்ல பலன்.

– சிவபாலன் அங்கிளுக்கோ குடுத்தனீங்கள்?

– மனுசனுக்கு இடுப்பில நாரி நோ. நேற்று முழுக்கக் கதிரையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டவர்.

– அவர் பஸ் ஓடுறவரம்மா! செவன் ஹில்ஸ் ரூட்டில சனத்தை ஏத்திக்கொண்டு... எச்சிலைச் சோதிப்பாங்கள், வேலை போகும். வேலை போனாப் பரவாயில்லை, எங்கையாவது கொண்டுபோய் அடிச்சாரெண்டா? என்ர போன் எங்க...

– போனை வை.

– அங்கிள் இண்டைக்கு வேலைக்குப் போயிட்டாரோ தெரியேல்லை...

– வையடா எண்டுறன். சிவபாலனுக்குக் குடுக்கேல்லை.

– பின்ன ஆருக்கம்மா? பழகின ஆள், பழகின ஆள் எண்டுறியள். உங்களுக்கு இந்த ஊரில எத்தினை பேரைத் தெரியும்?

– நேற்று வாய்க்கரிசி போடேக்க நீ எங்க நிண்டனீ?

– தலைமாட்டில. நீங்கள் என்னைப் பிடிச்சுக்கொண்டுதானே நிண்டனீங்கள்.

– ஒரு கையாலதான் பிடிச்சனான். மற்றக் கையைப் பார்த்தனியோ?

– அம்மா... பெட்டிக்குள்ளயோ?

– அவற்ற கையுக்குள்ள வைப்பமெண்டுதான் பார்த்தன். விரல் மடங்கேல்லை. விறைச்சுப்போச்சு. வேட்டி மடிப்புக்குள்ள செருகிவிட்டன்.

– எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கேக்கயோ?

– அழுகிற பொம்பிளையின்ர கையை ஆரடா பார்க்கிறது?

– கடவுளே... கண்ணாடிப் போத்தல். அந்தப் பியூனரல்காரன் அறிஞ்சிருந்தா... எரிக்கேக்க அந்தப் புகை வேற...

– சிரிக்கிறியோ, அழுகிறியோ?

– தெரியேல்லையம்மா.

– இந்தா, மூக்கைத் துடை.

– பரவாயில்லை. நீங்கள் சரியான ஆளிட்டத்தான் குடுத்திருக்கிறியள். இந்த வீட்டில அதில பழகின ஆள் அவர்தானே.

– பிரிஜ்ஜைச் சாத்து. எவ்வளவு நேரமாத் திறந்து கிடக்கு.

– சாத்திறன். ஏன் முகத்தை அங்கால திருப்புறியள்?

– ஒண்டுமில்லை. வந்து சாப்பிடு.

– அந்தப் போத்தல் இல்லாட்டி அவர் நோவில கத்தியிருப்பார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டிலில இருந்த மனுசன் கத்தினது ஞாபகமிருக்கோ? அப்பா அப்பிடி ஒரு நாளும் கத்தேல்லை. நான் வேலையால வந்து கேட்டா, "உன்ர பாணி நல்ல வேலை செய்யுது தம்பி" எண்டுதானே சொல்லுவார்.

– ஓம். சொல்லுவார்.

– படிப்பையும் குழப்பினனான். வேலையிலயும் நிலைக்கேல்லை. அவருக்கெண்டு நான் உருப்படியாச் செய்தது அது ஒண்டுதான்.

– சரி. அப்பிடியே இருக்கட்டும்.

– அப்பிடியே இருக்கட்டும் எண்டா?

– நீ ஏன் அதை இப்ப தேடினனீ?

– எறிய.

– எறியவோ?

– ஓம்... ஆரும் சொந்தக்காரர் கண்டா...

– எறியிற கைக்கு ஏன் இந்த நடுக்கம்?

– பிரிஜ் குளிர்.

– இந்த நாட்டில ஜனவரி எண்டா வெயில் கொளுத்துது. உன்ர சேட்டு முதுகோட ஒட்டிக் கிடக்கு. குளிராம்.

– அம்மா, இப்ப வேண்டாம்...

– நான் கேக்கேல்லையே. கொப்பரும் கேக்கேல்லை. கேட்டா நீ வீட்டை விட்டுப் போயிடுவாய் எண்டு அவருக்குப் பயம்.

– அவருக்குத்... தெரியுமோ?

– போத்தல் குறைஞ்சுகொண்டு போறது கட்டிலில கிடந்தாலும் தெரியும்தானே. பிரிஜ்ஜால எடுத்துக் காட்டச் சொல்லிக் கேப்பார். வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் காட்டுவன்.

– நாங்கள் ரெண்டு பேரும் எடுத்தால் குறையும்தானே! அவர் தன்ர பங்கை எடுத்தவர். நான் மிச்சத்தில கொஞ்சம்... கொஞ்சம்தானம்மா. அவருக்குக் குறை வைக்கேல்லை. நான் வைக்கேல்லை. சொல்லுங்கோ.

– உனக்கு ஏன் இப்ப...

– சொல்லுங்கோம்மா!

– அவர் அதை ஒருக்காலும் தொடேல்லை, சுபாங்கன். "நானும் எடுத்தாக் கெதியில முடிஞ்சிடும், பிறகு இவன் எங்க போய் ஆரிட்ட வாங்குவானோ, முடியுமட்டும் வீட்டில எங்கட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்" எண்டு சொல்லிப்போட்டார். மிச்சத்தை உனக்கெண்டுதான் விட்டுட்டுப் போனவர். நான்தான் அவர் சொல்லுக் கேளாமல் அவரோடயே அனுப்பினனான்... பின்னேரத்தில உன்ர கார் கேற்றடியில திரும்புற சத்தம் கேட்டாப் பிறகுதான், வாயில கடிச்சுக்கொண்டு கிடந்த துவாயை எடுத்து என்ர கையில தருவார்.