மாதுளைப் பாட்டு

அந்தப் படத்தை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். கார்ட்டூன் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். கிரேக்கப் புராணத்தில், பூப்பறிக்கும் பெண்ணைப் பாதாளத்து ராஜா தூக்கிப் போய், மாதுளம்பழம் கொடுத்து ஏமாற்றி அங்கேயே இருத்திக்கொள்வான். படத்தில் அதை மாற்றியிருந்தார்கள். அவள் தெரிந்தேதான் தின்கிறாள். ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வரி பாடுகிறாள். ஆறாவது முத்தில் ராணியாகிவிடுகிறாள். வாத்தியமெல்லாம் நின்று அவள் குரல் மட்டும் கேட்கும் இடத்தில் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

என்னோடு சேர்ந்து பார்த்தவள் அக்கா ஜெயபிரியா. குற்றால சீசனுக்கு அப்பா ஐந்தருவியில் போடும் பழக்கடைக்குப் பின்னால், பெட்டிகள் மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்த ஒரே போனில் பார்ப்போம். “நம்ம கடைக்கு வந்திருந்தா ரம்புட்டான் தின்னுட்டு ஒழுங்கா வீடு போய்ச் சேந்திருப்பா, பாவம்” என்பாள். அவளுக்குப் பிடித்தது மேலே பூக்கள் பாடும் பாட்டு. எனக்குக் கீழே பாதாளத்தில் அவள் பாடுவது.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், மாதுளைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அக்காவுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம். இரண்டு நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். அவள் கடையின் முன்பக்கம் நின்று யாருக்கோ மங்குஸ்தான் நிறுத்துக்கொண்டிருந்தாள். நான் அழித்தேன். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான். அது அரசாங்கம் போட்ட விதி, நான் போட்டதல்ல. அது இல்லாமல் இன்னொருத்தியைப் படிக்கவைக்க அப்பாவால் முடியாது.

இடம் வரவில்லை என்று அழுதாள். வடகரையிலிருந்து முத்துச்செல்வம் பெண் கேட்டு வந்தபோது வேண்டாம் என்றாள். நான்தான் பேசினேன்.

“அவளும் கீழ போயித்தானக்கா ராணியானா?”

சிரித்துவிட்டாள். கல்யாணம் நடந்தது. மறுவருடம் நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்.

முத்துச்செல்வம் அத்தான் தேங்காய் வியாபாரி. நல்லவர். போன மாதம் அக்காவுக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மதிப்பெண் சான்றிதழை எடுக்க அவள் இலஞ்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“ஏட்டி நிவே, அத்தான் படிக்கச் சொல்லுதாரு. அந்த வருசமே சீட்டு வந்திருந்தா இந்நேரம் நானும் உன்னைய மாதிரி மினுக்கிட்டுத் திரிவேன்.”

ஐந்து வருடமாக இதே பேச்சு. எரிச்சலாக இருந்தது.

“சீட்டு வந்துச்சுக்கா. நான்தான் மெசேஜ அழிச்சேன்.”

“வெளையாடுதியாட்டி?”

இல்லை என்று தலையாட்டினேன். அக்கா எழுந்து போனாள். சான்றிதழ் மேசைமேலேயே கிடந்தது. மறுநாள் வடகரையில் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

“நீதான படிச்ச புள்ள, நீயே எழுதுட்டி” என்றாள் அம்மா. காவல் நிலையத்தில் புகார் மனுவை நான்தான் எழுதினேன். போலீஸ் பிடித்துக்கொண்டுபோகும்போது அத்தான் என்னிடம் கேட்டார், “என்ன நடந்துச்சுன்னு உனக்காவது தெரியுமாம்மா?” தெரியாது என்றேன். இப்போது சிறையில் இருக்கிறார்.

மனுவில் பொய் எதுவும் இல்லை. அவள் படிப்பைக் கெடுத்தது, நயமாகப் பேசி ஏமாற்றியது, கடைசியில் சாகத் தூண்டியது, எல்லாம் நடந்ததுதான். செய்தவர் பெயரை மட்டும் மாற்றி எழுதினேன்.