டப்பா எங்க?

பாபநாசத்தில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த கணவனும் மனைவியும் தஞ்சாவூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் பல வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"தங்கச்சி மகனுக்குக் குடுக்க உங்க வெள்ளிக்காசுல ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"டப்பா எங்க?"

"அந்த பிளாஸ்டிக் டப்பாவா? தொறக்கவே முடியல. சுத்தியலால உடைச்சுட்டேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"காசு எந்தக் கடையிலயும் கிடைக்கும். அது அசல்தான்னு பரிசோதிச்சு, டப்பாவுல வச்சு ஒட்டித் தர்ற கம்பெனிங்க இருக்கு. அதுல அதிகம் பேருக்குத் தெரியாத, எப்பவோ மூடிப்போன கம்பெனிங்களோட டப்பாவைத்தான் நான் சேக்கிறேன். காசை இல்ல."

"வெறும் டப்பாவையா?" அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "காசு திருட்டுப் போயிடும்னு பயந்து, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடப் போகாம வீட்டுல காவல் இருந்தேனே!"

"உடைஞ்சத எங்க போட்ட?"

"குப்பையிலதான்."

அய்யம்பேட்டையில் அவர் அவசரமாக இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மனைவியைக் கூப்பிடக்கூட இல்லை.

"நீங்க இறங்கலியாம்மா?" என்று கேட்டார் நடத்துனர்.

"இல்லங்க, நான் விசேஷத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.