ஓரத்து நாலு வரிசை

எனக்கு மறதி கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அடுப்பை அணைத்தோமா, கோழியை அடைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பது என் பெண்சாதி தாயம்மாதான். நான் ஒரு வேலையைச் செய்தால் செய்தது, செய்யாவிட்டால் செய்யாதது. அதனால்தான் நீங்கள் எழுதிவைத்த தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. 'காவலாளி வேம்புலி காலையில் கம்பிக்குப் போகும் மின்சாரத்தை அணைக்க மறந்துவிட்டதால்' என்று அதில் இருக்கிறது. வேறு தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். உள்ளதை எழுதுகிறேன்.

வெள்ளானூரில் நான் நாற்று நட்ட வயல்களில் பாதி இப்போது வெள்ளைக்கல் நட்ட மனைகள். மிச்சமிருந்ததில் ஏரிக்குக் கீழே ஒரு துண்டை விதைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. பூச்சி தின்றால் பூச்சியே சாகும்படி நெல்லுக்குள் எதையோ சேர்த்திருக்கிறார்களாம், அதைச் சோதித்துப் பார்க்க. வயலைச் சுற்றி ஓரத்தில் நாலு வரிசை மட்டும் நம் ஊர்ப் பொன்னி. காற்றும் மாடும் எலியும் முதலில் ஓரத்தைத்தான் தொடும்; அதனால் ஓரத்தைச் சோதனையில் சேர்ப்பதில்லை. நட்டது நான்தான்.

கம்பெனி அதிகாரி பாஸ்கரன் சார் நல்ல மனிதர். வரப்பில் நின்று என்னோடு சமமாகப் பேசுவார். "வேம்புலி, ஜனங்க பெருகிக்கிட்டே போறாங்க, நிலம் பெருகுதா? இன்னும் இருபது வருஷத்துல சோத்துக்கு அடிச்சுக்குவாங்க. இந்த நெல்லு ஜெயிச்சாத்தான் எல்லாருக்கும் சோறு" என்பார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. சின்ன வயதில் ரெண்டு நாள் பட்டினி கிடந்தவன் நான்.

பக்கத்து மாநிலத்தில் இப்படிப்பட்ட வயல்களைக் கொளுத்தினார்கள் என்று பேப்பரில் வந்த பிறகு காவலை இறுக்கச் சொன்னார்கள். ஒரு கதிர்கூட வெளியே போகக்கூடாது, விதை கம்பெனியுடையது என்றார்கள். அறுப்பு முடிந்ததும் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்ளும் பெண்களை எங்கள் ஊரில் எந்தப் பண்ணையாரும் தடுத்ததில்லை. கம்பெனி தடுத்தது. எலிக்கென்று வரப்பைச் சுற்றிக் கணுக்கால் உயரத்தில் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்தேன். கம்பெனி அதைச் செய்யச் சொல்லவில்லை. பார்த்தபின் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தால் போடுவேன், விடிந்தால் அணைப்பேன். பகலில் பெண்கள் அந்தக் கம்பியைக் காலால் அமுக்கித் தாண்டிப் போவார்கள்.

அங்கம்மா தாயம்மாவின் தங்கை. அவள் புருஷன் நாகப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் பட்டறையில் இருந்தான். பட்டறையை மூடியதும் குடிக்க ஆரம்பித்து, ரேஷன் கார்டையும் அடகு வைத்துவிட்டான். நாலு பிள்ளைகள். எனக்குப் பிள்ளை இல்லை. நாலும் பொழுது சாயும்போது என் வீட்டு வாசலில் வந்து உட்காரும். ஒன்றும் கேட்காது, உலைமூடியையே பார்த்துக்கொண்டிருக்கும். தாயம்மா தன் பங்கைப் போடுவாள், பிறகு என் பங்கிலும் கை வைப்பாள். நான் எதுவும் சொன்னதில்லை. பாஸ்கரன் சார் பேசியதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மார்கழி நடுவில் அங்கம்மா கதிர் அறுக்க ஆரம்பித்தாள். முதலில் நான் பார்க்காதபோது, பிறகு நான் பார்க்கும்போதே. ஓரத்தில் நின்று மடியில் கட்டிக்கொள்வாள். ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அங்கம்மா, இது கம்பெனி நெல்லு. எண்ணி வெச்சிகீறாங்க."

"கதிரக்கூட எண்ணுவானா உன் கம்பெனிக்காரன்? நாலு கதிரு கொறஞ்சா நாடே பட்டினியா பூடுமா?"

"தப்புடி."

"இன்னா மாமா நீ. முன்னெல்லாம் பண்ணையாரு நெல்லுக்கு நாயாட்டம் காவல் காத்த. இப்ப கம்பெனி நாயி. அந்த நாய்க்காச்சும் வவுத்துக்கு வெச்சாங்க."

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பொன்னியம்மா சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும், கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

போகும்போது அங்கம்மா நின்று, "கம்பியில கரண்டு கீதா மாமா?" என்று கேட்டாள்.

"பகல்ல எதுக்குடி கரண்டு" என்றேன். அவளுக்கு அது தெரியும். ஆனாலும் கேட்டாள். நம்பினாள்.

பொங்கலுக்கு முன்தினம் ரேஷன் கடைக்கு அரிசி வந்தது. ஊரே அங்கே வரிசையில் நின்றது. கார்டு இல்லாதவள் அங்கே போகமாட்டாள், வயலுக்குத்தான் வருவாள். மற்ற யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். விடிந்ததும் வழக்கம்போல கரண்டை அணைத்தேன். கம்பியைத் தாண்டி வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தேன். திரும்பி வந்து, பெண்கள் எல்லாம் பையோடு போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடி போட்டேன்.

இன்னொன்று உங்கள் கண்ணில் படவில்லை. அறுப்புக்குக் காயவிட்ட வயல் அது. பதினைந்து நாளாக மடை அடைத்தே கிடந்தது. ஆனால் அவள் விழுந்த இடத்தில் உங்கள் பூட்ஸ் சேற்றில் புதைந்தது. கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். முதல் நாள் சாயங்காலம் அந்த ஓரத்துக்கு மட்டும் மடை திறந்துவிட்டதும் நான்தான். மறக்கிறவன் செய்கிற வேலையா அது?

அவள் வெறுங்காலோடு வந்தாள். கொட்டகையைப் பார்த்து, "மாமா, வேற யாரும் இல்லியே" என்றாள். இல்லை என்றேன். கம்பிக்கு வெளியே நின்றே கைக்கு எட்டிய கதிரை அறுத்து மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு அடுத்த வரிசைக்குப் போகக் கம்பியை அமுக்கக் காலை வைத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். ஓடி வருகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாவம்.

அவள் மடியில் இருந்த கதிரை நீங்களே பிரித்துப் பார்த்தீர்கள். கம்பெனி நெல் அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பொன்னி. உள்ளே இருந்த கதிரை அவள் என்றைக்கும் தொட்டதில்லை, ஓரத்திலேயே நின்றுகொள்வாள். அதுவும் எனக்குத் தெரியும். போன அறுப்பில் பாஸ்கரன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஓரத்தை எரிச்சுடணும்னு உத்தரவு. அது நம்ம சாதா நெல்லுதானே, நீ எடுத்துக்கோ. வெளிய சொல்லாதே" என்றார். அந்த நாலு வரிசையும் எனக்கு என்று ஆனது. அவள் தினம் தினம் மடியில் கட்டிக்கொண்டு போனது அதைத்தான்.

இந்த அறுப்பிலும் எனக்குத்தான் கொடுத்தார். தாயம்மா அதைக் குத்திப் பொங்கினாள். பிள்ளைகள் நாலும் இப்போது என் வீட்டில்தான். சாயங்காலம் வாசலில் உட்காருவதில்லை, உள்ளே வந்துவிடுகின்றன. சின்னது தின்று முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்றது. சட்டியில் இல்லை. என் தட்டிலிருந்து ஒரு கை எடுத்து வைத்தேன். பசி என்று வந்த வாய்க்கு நான் ஒரு நாளும் இல்லை என்றதில்லை, ஐயா. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.