அணைத்து நிறுத்தவும்

இந்த அவையைத் தன் கண்ணசைவிலேயே அமைதியாக்கிய தலைமையாசிரியை அம்மா அவர்களே! பிள்ளைகளைச் சுமந்து பெற்று, இன்று அவர்களுடைய புத்தகப் பைகளையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மார்களே! தந்தைமார்களே! முன்வரிசையில் வியர்க்க விறுவிறுக்க வீற்றிருக்கும் என் சக ஓட்டுநர்களே! "சுருக்கமா முடிங்க மாமா" என்று கண்ணாலேயே ஹாரன் அடிக்கும் மாப்பிள்ளையே! உங்கள் அனைவருக்கும் பள்ளி வேன் ஓட்டும் இந்த எளியவனின் வணக்கம்.

காற்றைக் காப்போம் என்று கூட்டம் கூட்டினோம். வீடு வீடாகச் சென்று விளக்கினோம். சட்டம் இல்லை, தண்டனை இல்லை, மனம் இருந்தால் போதும் என்றோம். பள்ளி வாசலில் காத்திருக்கும்போது இன்ஜினை நிறுத்துங்கள், அவ்வளவுதான் நாம் கேட்டது. அதற்கு ஒரு பலகை எழுதியவன் யார்? தமிழில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டிய நானேதான்! "வண்டியை அணைத்து நிறுத்தவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன்.

மறுநாள் காலை என்ன கண்டேன்? மற்ற பதினொரு வேன்களும் பள்ளிச் சுவரைக் கட்டித் தழுவி நிற்கின்றன! இன்ஜின்களோ இரைந்துகொண்டே இருக்கின்றன. "என்னண்ணே இது?" என்று மூத்த ஓட்டுநரைக் கேட்டேன்.

"நீதானேப்பா அணைச்சு நிறுத்தச் சொன்னே? இதுக்கு மேல அணைக்கணும்னா சுவத்தைத்தான் இடிக்கணும்!"

வண்டியை ஓரமாக ஒட்டி நிறுத்துவதைத்தான் ஓட்டுநர்கள் நாம் அணைத்து நிறுத்துவது என்போம். எனக்குத் தெரியாதா? தெரியும். அலங்காரத் தமிழ் ஆசையில் மறந்துவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். பலகையைத் திருத்தினேனா? இல்லை! நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். என் வேனும் ஏசி ஓட அதே சுவரை ஒட்டி நின்றது. அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது எது? இரண்டாம் வகுப்பு. அதன் ஜன்னலோரம் அமர்ந்திருந்தவள் யார்? என் மகள்.

இரண்டே வாரத்தில் இருமல் வந்தது. மூன்றாம் வாரம் மூச்சுக்குத் தவித்தாள். மருத்துவர் அவள் முகத்தில் மூச்சுக் கருவியைப் பொருத்திவிட்டு, "வீட்டுல யாராச்சும் புகை பிடிப்பீங்களா?" என்றார்.

"சத்தியமா இல்லைங்க டாக்டர். சிகரெட்டைக் கையாலகூடத் தொட்டதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி மெல்லச் சொன்னாள்: "உங்க வேன் பிடிக்குதே."

காரணம் அது மட்டும்தானா என்று மருத்துவருக்கே உறுதியில்லை. புகை அவளுக்கு ஆகாது என்பதில் உறுதி. ஊருக்கு உபதேசம் செய்த நான் அங்கே வெட்கிக் குறுகி நின்றேன்.

யாரது? "ஏசி இல்லாம எப்படிண்ணே உக்கார்றது?" நியாயமான கேள்வி, தம்பி. இறங்கி மர நிழலில் நில். வியர்க்கும். வியர்வையைத் துடைத்தால் போகும், மூச்சுத் திணறலைத் துடைக்க முடியுமா? "நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதே" என்கிறாரா பின்னால் இருப்பவர்? அதற்குத்தான் மெக்கானிக் அண்ணன் வந்திருக்கிறார். எல்லா வேனின் பேட்டரியையும் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவும்" என்று நேற்றே பலகையை மாற்றிவிட்டேன். ஆனால் பலகையா வண்டியை நிறுத்தும்? சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமா? அதிகாரி வரட்டும் என்று காத்திருக்கலாமா? சாவி நம் கையில் இருக்கும்போது சாக்கு எதற்கு? நான் நிறுத்திவிட்டேன். நான் ஒருவன் நிறுத்தி என்ன பயன், பக்கத்தில் பதினொரு வேன் இரைந்தால்?

மகள் நலமாகப் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். டீச்சர் அவளை ஜன்னலிலிருந்து தூரமாக, மறு கோடியில் உட்கார வைத்தார். நிம்மதியாக இருந்தது. நேற்று பலகை மாட்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் இருந்த இடம் காலியாக இல்லை. இன்னொரு பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது, நடுவில் இருமிக்கொண்டே.

யார் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். பெற்றவர் இந்த அவையில்தான் இருக்கிறார். திங்கட்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தும்போது, அது உங்கள் பிள்ளை என்றே நினைத்துச் சாவியைத் திருப்புங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.