தீபம் பாக்கலாம், வா

...ஊசிய இன்னும் எவ்ளோ நேரந்தாங்க ஸ்டவ்ல கொதிக்க வெப்பாரு இந்தக் கம்பவுண்டரு? ரத்தம் எடுக்கப் போறாரா, கொழம்பு வெக்கப் போறாரா? ஒக்காருங்க, ஒக்காருங்க. புள்ளைய மடியில வெச்சிக்கோங்க. வள்ளி, கொஞ்சம் நவுரு கண்ணு.

என் பொண்ணுதாங்க. ஒம்போது முடிஞ்சிடுச்சி. புத்தி மட்டும் மூணு வயசுலயே நின்னு வெளயாடிக்கினு இருக்குது. பொறவியே அப்பிடி. அதுகூட பரவால்ல, நெஞ்சுல வேற ஓட்டை. வேலூர்ல ஆபரேஷன். ஐப்பசியிலயே ஆயிருக்கணும்! ரத்த டெஸ்ட் இருந்தாத்தான் தேதின்னுட்டாங்க. ரெண்டு தபா வந்தோம், ரெண்டு தபாவும் எடுக்க முடியல. ஒதைச்சா பாருங்க, கம்பவுண்டரு மூக்குக் கண்ணாடி ரெண்டாப் போச்சி. இன்னைக்கும் எடுக்கலன்னா பங்குனிக்குத் தள்ளிடுவாங்களாம். அதுவரைக்கும் இவ மூச்சு தாங்கணுமே...

எல்லாம் அந்தாளாலதாங்க. கொழந்தைகிட்ட சிரிச்சிப் பேசுனா பல்லு கொட்டிடுமா? எங்க வீட்டுக்காரரு அதுக்கும் மேல. 'ரத்தம் பாத்தா எனக்கு மயக்கம் வரும், நீயே போ'ங்கறாரு. ஆட்டுக்கறி வெட்டும்போது மட்டும் பக்கத்துல நின்னு பாத்து வாங்குவாரு! நாந்தான் வேங்கிக்கால்லேர்ந்து டவுன் பஸ்ல, இவளயும் இட்டுக்கினு...

இவ எப்பிடி வரான்னு கேக்கறீங்களா? அதுக்கெல்லாம் ஐடியா இருக்குதுங்க. மல உச்சியில ஏத்தறாங்களே, கார்த்திக தீபம், அதுன்னா இவளுக்கு உசுரு. வருஷம் பூரா 'எப்போ, எப்போ'ம்பா. அதனால ஊசி போடற அன்னிக்கெல்லாம், 'தீபம் பாக்கலாம், வா'ம்பேன். அவ்ளோதான், செருப்ப மாத்தி மாட்டிக்கினு எனக்கு முன்னாடி ஓடுவா. சித்திரையில தீபம், ஆடியில தீபம்! பஸ்ஸே சிரிக்கும். இங்க வந்ததும் நாலு பேரு அமுக்கிப் புடிச்சி...

என்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், கம்பவுண்டரு...

இல்லங்க. தீபம்.

போன மாசம் நெஜத் தீபம் வந்துச்சில்ல? மாடியில நின்னுக்கினு இருந்தோம். ஏத்துனாங்க. ஊரே ரெண்டு கையையும் தூக்கி அரோகரான்னுது. 'வள்ளி, தீபம் பாரு'ன்னேன். இவ என்னா பண்ணா தெரியுமா? சட்டக்கைய மேல சுருட்டிவிட்டுக்கினு, ஒத்தக் கைய மலைக்கு நேரா நீட்டிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கினா. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி, 'அடாடா, என்னா பக்தி!'ன்னு கன்னத்துல போட்டுக்கிச்சி.

எனக்குத்தானே தெரியும், அது என்னா பக்தின்னு.

அப்புறம் பத்து நாளு எரிஞ்சிது. எங்க ஜன்னல்லயே தெரியும். அந்தப் பக்கமே திரும்பல அவ.

அதான், இன்னைக்கு நெஜத்தச் சொல்லிட்டேன். 'ஊசிதான்டி. வலிக்கும். கையப் புடிச்சிக்கறேன், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்'னு. இவ ஓடல, அழுவல. செருப்ப மாத்தி மாட்டிக்கினு, மெதுவா நடந்து வந்தா. அதாங்க பயமா இருக்குது...

ஏங்க, நீங்க உங்க புள்ளைய என்னா சொல்லி இட்டாந்தீங்க?



தோ, கூப்புடறாரு. ஏய் வள்ளி, இருடி, நானும் வரேன்! பாருங்க, அவளே போயி ஸ்டூல்ல ஒக்காந்து சட்டக்கைய சுருட்டறா. கைய நீட்டிட்டா... கண்ண மூடலீங்க! என்னையே பாக்கறா.

இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கோங்க. இன்னைக்கு நாந்தான் கண்ண மூடிக்குவேன் போலருக்குது.